பெயர்க் குழப்பத்தால் விமான நிலையத்தில் நிறுத்துகிறார்களா? அமெரிக்காவில் ரீட்ரஸ் எண் வாங்கும் வழி

அமெரிக்காவில் வீட்டிலிருந்தே செக்-இன் செய்ய முடியாமல், கவுண்டருக்கு வரச் சொல்கிறதா? போர்டிங் பாஸில் கூடுதல் சோதனைக்கான குறியான எஸ்.எஸ்.எஸ்.எஸ். என்று அச்சாகி, பையைக் கொட்டிச் சோதிக்கிறார்களா? ஓரிரு முறை என்றால் விடுங்கள், அது குலுக்கல் முறையிலும் வரும். பயணத்துக்குப் பயணம் நடந்தால், கண்காணிப்புப் பட்டியலில் உள்ள வேறொருவரின் பெயரோடு உங்கள் பெயர் குழம்புகிறதோ என்று சந்தேகிக்கலாம்.

2001 செப்டம்பர் 11 அன்று பறக்கத் தடைப் பட்டியலில் இருந்தவை வெறும் 12 பெயர்கள். அப்புறம் அது ஆயிரக்கணக்கில் பெருத்தது. 2004இல் செனட்டர் எட்வர்ட் கென்னடியையே பெயர்க் குழப்பத்தில் பலமுறை நிறுத்தினார்கள். இப்படி மாட்டுபவர்களுக்காக 2007இல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை (டி.எச்.எஸ்.) கொண்டுவந்த குறைதீர்ப்பு வழிதான் டி.எச்.எஸ். டிரிப். அதில் விண்ணப்பித்தால் கிடைக்கும் அடையாள எண்தான் ரீட்ரஸ் எண்.

விமான நிறுவனத்தைக் கேட்டால், விமான நிலையச் சோதனையை நடத்தும் அரசு அமைப்பான டி.எஸ்.ஏ.வைக் கேளுங்கள் என்பார்கள். சோதனை வரிசையில் கேட்டால் விமான நிறுவனத்துக்கே திருப்பி அனுப்புவார்கள். இரண்டு இடத்திலும் பட்டியலைத் திருத்தும் அதிகாரம் யாருக்கும் இல்லை. அங்கே மன்றாடி விமானத்தைக் கோட்டை விடாதீர்கள். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பியுங்கள். கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுடையது அல்ல. குடியுரிமையும் தேவையில்லை, விசாவில் வந்தவரும் விண்ணப்பிக்கலாம்.

நம்மவர்கள் சறுக்குவது பெயரில்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு முழுப்பெயர் இருக்கும், டிக்கெட்டில் இனிஷியல் மட்டும் இருக்கும். பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றையும் சேர்த்துத்தான் ஒப்பிடுகிறார்கள். விண்ணப்பம், பாஸ்போர்ட், டிக்கெட் மூன்றிலும் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. கேட்ட அடையாள ஆவண நகல்களை இணைக்காவிட்டால் விண்ணப்பம் அப்படியே கிடக்கும்.

கடைசியில் வரும் கடிதத்தைப் படித்து மனம் நொந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டியலில் இருந்தீர்களா இல்லையா என்று பெரும்பாலும் அதில் ஒரு வார்த்தை இருக்காது. பரவாயில்லை, உங்களுக்கு வேண்டியது ரீட்ரஸ் எண். டிக்கெட் எடுக்கும்போது அதை நீங்கள்தான் பதிய வேண்டும். பக்கத்திலேயே நோன் டிராவலர் எண் என்று இன்னொரு கட்டம் இருக்கும். அது முன்கூட்டியே சரிபார்க்கப்பட்டு விரைவுச் சோதனைக்குத் தகுதி பெற்றவர்களுக்கான எண், அது வேறு, அதில் போட்டால் பயனில்லை. ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டா? விமான நிறுவனத்துக்குப் போன் போட்டு, எண் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். திரும்பி வருவது வேறு நிறுவன விமானம் என்றால் அங்கேயும் தனியாகச் சொல்ல வேண்டும்.

பெட்டி தொலைந்தது, ஊழியர் மரியாதையில்லாமல் பேசினார் போன்ற புகார்களை இந்தப் படிவத்தில் எழுதாதீர்கள். அவற்றுக்கு வேறு இடம்.