கூரையைக் கூட்டும் முன் ஒரு போட்டோ: மழையில் வீடு சேதமானால் நிவாரணத் தொகை வாங்குவது எப்படி?

தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம். மண்சுவர் வைத்த ஓட்டு வீடு. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி வேப்பங்கிளை முறிந்து கூரைமேல் விழுந்தது. ஒரு பக்கத்துக் கூரையைத் தாங்கும் கைமரமும் ஓடும் வீட்டுக்குள் வந்துவிட்டன. வீட்டுக்காரர் திருப்பூரில் வேலையில் இருந்தார். வீட்டில் அவர் மனைவியான அக்காவும் இரண்டு பிள்ளைகளும் மட்டும்தான். விடிந்ததும் கிளையை வெட்டி இழுத்துப் போட்டார். உடைந்த ஓட்டைக் கூடை கூடையாக அள்ளி வேலியோரம் கொட்டினார். தார்ப்பாய் இரவல் வாங்கிக் கட்டினார். பூச்சி பொட்டு அண்டாமல் இருக்க வீட்டை மெழுகியும் விட்டார்.

ஐந்தாம் நாள்தான் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். "என்னம்மா இடிஞ்சிருக்கு? நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டு, சேதம் 15 சதவீதத்துக்குக் கீழ் என்று எழுதிக்கொண்டு போனார். அக்காவுக்கு ஒரு ரூபாய் வரவில்லை. நான் போனபோது தார்ப்பாயின் நடுவில் தேங்கிய தண்ணீரை விளக்குமாற்றுக் கட்டையால் முட்டித் தள்ளிக்கொண்டே இதைச் சொன்னார். பொறுப்பாக வீட்டைச் சுத்தம் செய்ததுதான் அவர் செய்த தப்பு.

திட்டம் என்னவென்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மழை, வெள்ளம், புயலில் வீடு சேதமானால் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து தொகை உண்டு. 2022-23 முதல் 2025-26 வரைக்கு மத்திய அரசு வகுத்த விதிப்படி, வீடு முழுதும் இடிந்தால் சமவெளியில் 1,20,000 ரூபாய். மலைப்பகுதியில் 1,30,000. பகுதி சேதம் என்றால், குறைந்தது 15 சதவீதம் சேதமாகியிருக்க வேண்டும். காரை வீட்டுக்கு 6,500, மண் வீட்டுக்கு 4,000. குடிசைக்கு 8,000. வீட்டை ஒட்டிய மாட்டுக்கொட்டகைக்கு 3,000. மனு கொடுக்கும் அன்றைக்கு நடப்பில் உள்ள தொகை எவ்வளவு என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி சிக்கல்களுக்கு வருவோம்.

முதலில் போட்டோ. கூரையில் கை வைப்பதற்கு முன் செல்போனில் எடுங்கள். வீட்டு வாசலும் கதவு எண்ணும் தெரிகிற மாதிரி ஒன்று, இடிந்த இடம் முழுதும் தெரிகிற மாதிரி ஒன்று, உள்ளே நின்று வானம் தெரிகிற ஓட்டையை ஒன்று. தேதியும் இடமும் விழுகிற செயலி இருந்தால் நல்லது. எடுத்ததை அப்போதே கிராம நிர்வாக அலுவலருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அவர் இரண்டு மூன்று ஊர்களைச் சேர்த்துப் பார்ப்பவராக இருந்தால் அன்றைக்கே வரமாட்டார். அதற்காகப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மழையில் காத்திருக்க முடியாது, சுத்தம் செய்யத்தான் வேண்டும். ஆனால் உடைந்த ஓட்டையும் ஒடிந்த கைமரத்தையும் வெளியே கொட்டிவிடாதீர்கள். ஒரு மூலையில் குவித்து வையுங்கள், வருகிறவர் கண்ணால் பார்க்கட்டும்.

கூரையில் ஏறுவது பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இடிபாட்டில் தப்பியவர்கள்கூட அடுத்த நாள் கூரையைச் சுத்தம் செய்யப் போய் விழுந்து இடுப்பொடிகிறார்கள். நம் ஊர் நாட்டு ஓடு பாசி பிடித்து நனைந்திருக்கும்போது சவுக்காரம் மாதிரி வழுக்கும். ஊறிய கைமரம் எங்கே இற்றிருக்கிறது என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. சருகையும் கிளையையும் தரையில் நின்றபடி மூங்கில் துரட்டியால் இழுங்கள். மின்கம்பிக்குப் பக்கத்தில் இரும்பு, அலுமினியக் கம்பு வேண்டவே வேண்டாம், ஈர மூங்கிலும் வேண்டாம். கிளை மின்கம்பியில் கிடந்தால் தொடாமல் 94987 94987 என்ற மின்வாரியப் புகார் மையமான மின்னகம் எண்ணுக்குச் சொல்லுங்கள். மொட்டை மாடி என்றால் தண்ணீர் இறங்கும் குழாய் வாயை மழைக்கு முன்பே, புரட்டாசியிலேயே சுத்தம் செய்துவிடுங்கள். பத்துக்குப் பத்து அறையின் மேல் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் அது ஏறக்குறைய 930 கிலோ. சுண்ணாம்புக் காரை போட்ட பழைய தளம் அதை எத்தனை நாள் தாங்கும்? நடுவில் முற்றம் வைத்த செட்டிநாட்டு வளவு வீடுகளிலும் இதே கதைதான். இரண்டு கூரை சேருகிற வாரியில் சருகு அடைத்தால், தண்ணீர் முற்றத்துக்கு வராமல் உத்திரத்துக்குள் இறங்கி பர்மா தேக்கையே உளுக்க வைத்துவிடும்.

அடுத்த சிக்கல், அறிக்கையில் எழுதுகிற ஒரு சொல். "முழு சேதம்" என்றால் லட்சத்துக்கு மேல். "பகுதி சேதம்" என்றால் சில ஆயிரம்தான். இரண்டு சுவர் விழுந்து, கூரை இறங்கி, யாரும் உள்ளே படுக்க முடியாத வீட்டுக்கும் "பகுதி" என்று எழுதிவிட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன். மீதிச் சுவர் நிற்கிறதாம்! ஆய்வுக்கு வரும்போது கூடவே நின்று என்ன எழுதுகிறார் என்று கேளுங்கள். குடியிருக்க முடியாத நிலை என்று மனுவில் உங்கள் கையாலேயே எழுதிவிடுங்கள். கீற்று வேய்ந்தது குடிசையா, மண் வீடா என்பதிலும் தொகை மாறும், அதையும் கவனியுங்கள்.

மூன்றாவது, "பழைய கட்டடம், தானாக விழுந்தது" என்ற பதில். மண்சுவர் எப்போதும் மழை பெய்யும்போதே விழுவதில்லை. ஊறி ஊறி இருந்து, சில நேரம் இரண்டு நாள் கழித்து வெயில் அடிக்கும்போதும் சரியும். அன்றைக்கு வானம் தெளிவாக இருக்கும், அலுவலகத்தில் "மழையே இல்லையே" என்பார்கள். எந்தத் தேதியில் தொடங்கி எத்தனை நாள் மழை பெய்தது, சுவர் எப்போது விழுந்தது என்று மனுவில் தனித்தனியாக எழுதுங்கள்.

நான்காவது, அலைச்சல். காரைக்குடி மாநகராட்சி ஆனபிறகு பலர் மாநகராட்சி அலுவலகத்துக்கே போகிறார்கள். கிராமத்தில் ஒன்றிய அலுவலகத்துக்குப் போகிறார்கள். இது வருவாய்த்துறை வேலை. கிராம நிர்வாக அலுவலர், அப்புறம் வருவாய் ஆய்வாளர், அப்புறம் தாசில்தார். ஒன்றியத்தில் "கனவு இல்லத்துல எழுதிக்கிறோம்" என்று ஆறுதல் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அது புது வீடு கட்டும் வேறு திட்டம். அதை நம்பி நிவாரண மனுவைக் கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள்.

பட்டா விஷயம்தான் செட்டிநாட்டில் பெரிய தலைவலி. பட்டா தாத்தா பேரில் இருக்கும், பங்காளிகள் பாதிப் பேர் சென்னையில், மீதிப் பேர் மலேசியாவில். நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தில், வீடு கட்டியவருக்கோ பட்டாவே இருக்காது. "வாரிசுச் சான்று வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினால் மனுவோடு திரும்பி வராதீர்கள். வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, ரேஷன் கார்டு நகல்களை வைத்து மனுவை முதலில் கொடுங்கள், சான்று பிறகு தருகிறேன் என்று அதிலேயே எழுதுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகரக்கூடாது. வாங்க மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் தாசில்தாருக்கு அனுப்புங்கள். திங்கள்கிழமை சிவகங்கை, புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகங்களில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. அங்கே கொடுத்தால் மனு எண் கிடைக்கும். ராத்திரியில் அவசரம் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

தொகை வங்கிக் கணக்குக்குத்தான் வரும். இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத கணக்கை வங்கி முடக்கிவைத்திருக்கும். மழைக்காலத்துக்கு முன் நூறு ரூபாய் போட்டு எடுத்து, கணக்கு உயிரோடு இருக்கிறதா, ஆதாரில் உள்ள பெயர் பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மாதம் ஒன்று ஆகியும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் தரவில்லை" என்று கேட்டால் மழுப்புவார்கள். இந்த வீட்டைப் பார்த்து எழுதிய ஆய்வு அறிக்கையின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். அந்த அக்காவுக்கு நாங்கள் அதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கிளை விழுந்த அன்று காலை பக்கத்து வீட்டுப் பையன் விளையாட்டாக எடுத்த போட்டோ ஒன்று அவன் போனில் இருந்தது, அதையும் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறோம். நகல் வந்ததும் அந்தப் போட்டோவோடு தாசில்தாரிடம் மறு ஆய்வு கேட்கப்போகிறோம்.