பிரியத்தான் போட்ட தையல்

ஆடி அமாவாசைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே என் கடை வாசலில் தார்ப்பாய் குவிந்துவிடும். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடும்பத்தோடு குடில் போட்டுத் தங்குகிறவர்கள், போன வருசம் சுருட்டி வைத்ததை அப்போதுதான் பிரித்துப் பார்ப்பார்கள். எலி கடித்திருக்கும், இல்லையென்றால் ஓரத்தில் கயிறு கோத்த மடிப்பு பிய்ந்திருக்கும். "அண்ணாச்சி, வீட்டு மிஷின்ல ஓட்டிப் பாத்தேன், ஊசிதான் ரெண்டு ஒடிஞ்சுது" என்பார்கள்.

ஒடியத்தான் செய்யும். சட்டை, பேன்ட் தைக்கிற 14, 16 நம்பர் ஊசி நாலு மடிப்புக் கித்தானில் இறங்கும்போதே வளைகிறது. நகரவில்லையே என்று நாம் பின்னாலிருந்து துணியை இழுக்கிறோம். வளைந்த ஊசி கீழ்த்தகட்டில் இடித்து முறிகிறது. முறிந்த துண்டு எங்கே தெறிக்கும் என்று யாருக்கும் தெரியாது. என் இடது புருவத் தழும்பு அப்படி வந்ததுதான். அதனால் முதலில் கண்ணாடி. பிறகு 18 நம்பர் ஊசி. மடிப்பைப் பலகையில் வைத்துச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்குங்கள். கனமான இடம் வரும்போது மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அப்படியும் இறங்காவிட்டால் மிஷினை விட்டுவிடுங்கள்.

கை இருக்கிறதே. செருப்புத் தைக்கிறவர்களைப் பாருங்கள்: குத்தூசியால் ஓட்டை போட்டு, ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே ஓட்டைக்குள் எதிரெதிராக விடுவார்கள். ஒரு பக்கத்து நூல் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். மிஷின் தையலில் மேல்நூல் அறுந்தால் கீழ்நூல் சும்மா உருவிக்கொண்டு வந்துவிடும். பை வாருக்கு நான் இன்றைக்கும் கையால்தான் தைக்கிறேன்.

பலமாக இருக்கட்டும் என்று நெருக்கித் தைப்பது இன்னொரு கெட்ட பழக்கம். நீலநிற பாலித்தீன் பாயில் நெருக்கி ஓட்டினால் தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டை வரிசை ஆகிவிடும். ஆடிக்காற்று ஒரு உதறு உதறினால் அந்த வரிசையிலேயே கிழியும். அங்குலத்துக்கு 5, 6 தையல் போதும். நூலும் முக்கியம். பருத்தி நூல் நனைந்தால் ஊதி ஊசித்துளையை அடைக்கும், ஆனால் ஈரத்தோடு மடித்து வைத்தால் மக்கும். நைலான் இழுவைக்குத் தாங்கும், வெயிலுக்குத் தாங்காது. நம்ம ஊர் வெயிலுக்குப் பாலியெஸ்டர்தான்.

இதெல்லாம் பாய்க்கும் பைக்கும். போன வருசம் ராதாபுரம் பக்கமிருந்து காற்றாலையில் வேலை பார்க்கிற தம்பி ஒருவர், உயரத்தில் ஏறும்போது போடுகிற பாதுகாப்பு பெல்ட்டைக் கொண்டுவந்தார். "பட்டை நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, இந்த எடத்துல மட்டும் தையல் விட்டுட்டு. ஒரு ஓட்டு ஓட்டிக் குடுங்க."

வாங்கிப் பார்த்தேன். தோள்பட்டை அருகே மடித்துத் தைத்த பட்டை பிரிந்து, உள்ளே இருந்த சிவப்புத் துணி தெரிந்தது. அது பழசாகி விட்ட தையல் இல்லை. பிரிவதற்கென்றே போட்ட தையல். யாரோ ஒருவருடைய எடையை அந்த பெல்ட் ஒருதரம் திடீரென்று தாங்கியிருக்கிறது என்பதற்கு அடையாளம். பெல்ட்டோடு வருகிற அதிர்ச்சி தாங்கும் பொட்டலமும் இப்படித்தான். ஆள் விழும்போது உள்ளே மடித்த பட்டை கிழிந்து கிழிந்து நீண்டு, உடம்பில் விழுகிற திடீர் இழுப்பைக் குறைக்கும். அதைத் திரும்பத் தைத்தால் அடுத்த தடவை கிழியாது. அந்த இழுப்பு முழுவதும் ஆள்மேல் விழும். பட்டையில் புதிதாக நான் போடுகிற ஒவ்வொரு ஊசித்துளையும் உள்ளிருக்கிற இழையை அறுக்கும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும், அதுதான் பயம்.

"இத நீங்க போட்டுக்கிட்டு விழுந்தீங்களா?"

"இல்ல, ஸ்டோர்ல குடுத்தாங்க. முன்னாடி யாரு போட்டாங்கன்னு தெரியாது."

தைக்க மாட்டேன் என்றேன். கூலி கூடக் கேட்கிறேன் என்று நினைத்து முதலில் நூறு, பிறகு இருநூறு என்றார். சிவப்புத் துணியைக் காட்டி விளக்கினதும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, திரும்பக் கொண்டுபோனால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களே என்றார். கத்தரியை எடுத்துக் கொடுத்தேன். பட்டையை நாலு இடத்தில் அவரே வெட்டி, துண்டுகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.