மார்பகப் புற்றுநோய் மாறிய பிறகும் கிடைக்கவேண்டியவை: வன்னி அம்மாமாருக்கு ஒரு விளக்கம்

"உங்களுக்குத்தான் வருத்தம் மாறிட்டுதே அம்மா, பிறகேன் வந்தனீங்கள்?"

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த வயதான பெண்களோடு பிரதேச செயலகத்துக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி என் காதில் விழுகிறது. கட்டி போனது உண்மைதான். ஆனால் அதற்குக் கொடுத்த மருந்து எலும்பைத் தேய்க்கிறது, சிலருக்கு இதயத்தைப் பலவீனமாக்குகிறது, அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கை வீங்குகிறது. இதையெல்லாம் கடிதத்தில் எழுதி வாங்காமல் போனால் மேசைக்கு அந்தப்பக்கம் இருப்பவருக்கு நீங்கள் சுகதேகி. அதனால் முதலில் கடிதத்தைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

இலங்கையின் வடமாகாண சமூக சேவைகள் திணைக்களம் வருமானம் குறைந்த புற்றுநோயாளருக்கு உதவிப்பணம் கொடுக்கிறது. அதற்குப் பிரதேச செயலகத்தில் இருக்கும் சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்க்கவேண்டும். ஜி.எஸ்ஸின், அதாவது கிராம சேவகரின், சிபாரிசும் அரச வைத்தியரின் சான்றும் தேவை. பலர் சறுக்குவது இந்தச் சான்றில்தான். கிளினிக்கில் சனம் நிறைந்த நேரத்தில் கேட்டால், "சிகிச்சை முடிந்தது, நோய் இல்லை" என்று இரண்டு வரியில் எழுதித் தந்துவிடுவார்கள். அந்த இரண்டு வரியே உதவியை நிறுத்தப் போதும். தெல்லிப்பழையிலோ மகரகமவிலோ இருக்கும் புற்றுநோய் ஆஸ்பத்திரிக் கிளினிக்கை விட்டு வெளியே வர முன்னரே கடிதத்தை யாரிடமாவது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். புற்றுநோய் திரும்பி வராமல் இருக்கத் தரும் தமொக்சிபென் அல்லது லெற்றோசோல் குளிசை இன்னும் போட்டுக்கொண்டிருந்தால் அது எழுதப்பட்டிருக்கவேண்டும். கை வீக்கம், எலும்புத் தேய்வு, வருடாந்தப் பரிசோதனை தேவை என்பதும் வரவேண்டும். உள்ளதை உள்ளபடி எழுதித் தரத்தான் கேட்கிறோம், அதற்குத் தயங்கத் தேவையில்லை. திகதியும் சீலும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வந்து, யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து தெல்லிப்பழைக்கு இன்னொரு பஸ் ஏறுகிற மனுசியை ஒரு சீலுக்காகத் திருப்பி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். வலது கை தோளிலிருந்து விரல் வரை வீங்கி, சட்டைக் கையின் தையலைப் பிரித்துவிட்டு வந்திருந்தார். அந்தக் கையால்தான் படிவத்தில் ஒப்பம் வைக்கச் சொன்னார்கள்.

அடுத்தது பெயர். கிளினிக் கொப்பியில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து. கணவன் பெயரை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றிப் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்துக் கையோடு கொண்டுபோங்கள். அங்கே போய்த் தெரிந்துகொண்டால் ஒரு நாள் வீண்.

2009 இடப்பெயர்வில் பழைய ரிப்போட்டுகளைத் தொலைத்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு மருந்துத் துண்டிலாவது கிளினிக் இலக்கம் மிஞ்சியிருந்தால் அதை எறியாதீர்கள். சிகிச்சை எடுத்த ஆஸ்பத்திரியில் பழைய பதிவைத் தேட அதுதான் பிடி.

பதிவு எங்கே என்பதும் பெரிய தலையிடி. சிகிச்சைக் காலத்தில் மகள் வீட்டில் போய் இருந்திருப்பார். திரும்பி வந்தால் இங்கத்தைய ஜி.எஸ் "நீங்கள் இங்கே இல்லையே" என்பார், அங்கத்தையவர் "பதிவு இங்கே இல்லையே" என்பார். வாக்காளர் இடாப்பில் பெயர் எங்கே இருக்கிறதோ அந்த ஊர் ஜி.எஸ்ஸிடமே நில்லுங்கள். சிகிச்சைக்காகத்தான் தற்காலிகமாகப் போனேன் என்று எழுதிக் கொடுத்து, கிளினிக் திகதிகளைக் காட்டுங்கள்.

சரி, அஸ்வெசும, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் நலன்புரிக் காசு. புற்றுநோய்க் கடிதத்தைக் காட்டினால் அஸ்வெசும கிடைக்கும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அதில் தனியாகப் பெயர் சொல்லிக் கொடுப்பது மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர், முதியோர் ஆகியோருக்குத்தான். புற்றுநோய்க்கென்று ஒரு பிரிவு இல்லை. ஆனால் குடும்பங்களைத் தெரிவுசெய்யப் பார்க்கும் விடயங்களில் சுகாதாரமும் ஒன்று. கணக்கெடுக்க வருபவரிடம் வருத்தத்தை மறைத்துவிட்டுப் பிறகு அழுது பயனில்லை. பேத்திக்குக் கலியாணம் பேசுகிற நேரம், ஊருக்குத் தெரியக்கூடாது என்று மறைக்கிறார்கள். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. வாசலில் வைத்துப் பேச விருப்பமில்லாவிட்டால் உள்ளே கூப்பிட்டுத் தனியாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள்.

முதியோர் அடையாள அட்டை 60 வயதில் கிடைக்கும். முதியோர் கொடுப்பனவு வருமானம் குறைந்தவர்களுக்கு, அதுவும் 70க்குப் பிறகு. 2025 ஏப்ரலில் அது 3,000 ரூபாவிலிருந்து 5,000 ஆனது. அட்டை வந்தால் காசும் வரும் என்று காத்திருக்கவேண்டாம். ஆனாலும் அட்டையை எடுத்து வையுங்கள், கிளினிக் வரிசையில் முன்னுரிமை கேட்க உதவும்.

உதவிப்பணம் சிறியது. உடம்பைப் பார்க்கும் உரிமைதான் பெரியது, அரச ஆஸ்பத்திரியில் அது இலவசம். அதையும் கேட்டுத்தான் வாங்கவேண்டியிருக்கிறது. லெற்றோசோல், அனஸ்ட்ரசோல் போடுபவர்களுக்கு எலும்பு மெலியும். எலும்படர்த்திப் பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள், நீங்களாகக் கேட்காவிட்டால் அது விடுபட்டுப் போகலாம். வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த பிறகு பரிசோதித்து என்ன பயன்? தமொக்சிபென் போடும்போது மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டால், ஒரு துளியாக இருந்தாலும் உடனே சொல்லவேண்டும். வெட்கப்பட்டு வைத்திருக்கும் விடயமில்லை, அந்த மருந்தால் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். இளைப்பு, கால் வீக்கம் என்று பொது வைத்தியரிடம் போனால் பழைய கீமோவையும் இடப்பக்க நெஞ்சுக்குக் கதிர் கொடுத்ததையும் சொல்லுங்கள். அவருக்கு முன்னால் உங்கள் பழைய கொப்பி இருக்காது. கை வீங்கினால் பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லுங்கள். "இது இப்படித்தான் இருக்கும்" என்ற பதிலோடு எழும்பி வராதீர்கள்.

சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய் வந்தால் போதும் என்று சிலர் இருக்கிறார்கள். அது முக்கியமாக 35, 45 வயதுப் பெண்களை முன்கூட்டியே பார்க்க வந்தது. உங்கள் மகள்மாரை அங்கே கட்டாயம் அனுப்புங்கள். உங்களுக்கான வருடாந்த மமோகிராமை, அதாவது மார்பக எக்ஸ்ரேயைப், புற்றுநோய்க் கிளினிக்கில்தான் கேட்கவேண்டும்.

பாமசியில் "மருந்து முடிஞ்சுது" என்றால் குளிசையை விட்டுவிடாதீர்கள். இல்லை என்று துண்டில் குறித்து வாங்கி, கிளினிக் தாதியிடம் திரும்பப் போங்கள். பக்கத்து மாவட்ட ஆஸ்பத்திரியில் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். குளிசையை எப்போது நிறுத்துவது என்று சொல்லவேண்டியவர் வைத்தியர், பக்கத்து வீட்டு அக்கா இல்லை. ஐந்து வருடம் என்று தொடங்கியது பத்து வரை நீள்வதும் உண்டு.

எந்தப் பணிமனையிலும் மூலப் பிரதியைக் கையளிக்காதீர்கள். போட்டோக் கொப்பியைக் கொடுத்துவிட்டு, உங்கள் கொப்பியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். "பிறகு வாங்கோ" என்பது பதில் இல்லை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே பணிமனையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பம் போடுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லவேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும், அதை எழுத்தில் எடுப்பது அந்த அலுவலரின் கடமை என்று சட்டமே சொல்கிறது. வீங்கின கையோடு போகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.