உடுக்கை ஒலிப்பதிவில் கம்ப்ரெஸர்

கொங்கு நாட்டுக் கோயில்களில் இரவு நெடுகப் பாடப்படும் உடுக்கடிப் பாட்டைப் பதிவு செய்பவருக்கு முதலில் எதிர்ப்படும் சிக்கல், ஒலியளவின் ஏற்ற இறக்கமே. கதையை வசனமாகச் சொல்லும்போது பேச்சளவுக்குத் தணிந்திருக்கும் குரல், உடுக்கை அதிர்ந்ததும் உச்சத்துக்கு ஏறிவிடுகிறது. உரத்த இடத்துக்கு ஏற்ப அளவை வைத்தால், ஓடும் பேருந்தில் செல்பேசியில் கேட்பவருக்கு வசனம் எட்டாது. வசனத்துக்கு ஏற்ப வைத்தாலோ உடுக்கை அடிகள் உடைந்து கரகரக்கும்.

இந்த இடைவெளியைக் குறைக்கும் கருவியே கம்ப்ரெஸர். பதிவு தாங்கும் உச்ச ஒலியளவை 0 டெசிபல் என்று கொண்டு, அதற்குக் கீழுள்ளவை மைனஸில் குறிக்கப்படும். 'த்ரெஷோல்ட்' என்னும் எல்லையை மைனஸ் 18 டெசிபலிலும், 'ரேஷியோ'வை 4:1 என்றும் வைத்ததாகக் கொள்வோம். எல்லையை 12 டெசிபல் மீறி வரும் ஒலி 3 டெசிபல் மட்டுமே மீறி வெளியேறும். எல்லைக்குக் கீழுள்ள வசனம் மாறாது. பின்னர் மொத்த அளவையும் உயர்த்தும்போது வசனம் தெளிவாகிறது. கூட்டத்தின் சலசலப்பும் ஜெனரேட்டரின் உறுமலும் அதே அளவு உயரும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நுட்பமெல்லாம் நேரத்தில்தான் இருக்கிறது. தோலில் விரல் படும் கூரிய ஓசை சில மில்லி நொடிகளே நீடிக்கும். அதைத் தொடர்வது, உடுக்கையின் இடுப்பிலுள்ள கயிற்றைக் கை இறுக்குவதற்கேற்ப ஏறி இறங்கும் நாதம். கம்ப்ரெஸர் வேலையைத் தொடங்கும் 'அட்டாக்' நேரம் 1 மில்லி நொடியாக இருந்தால் அந்தக் கூர்மை மழுங்கி, உடுக்கை அட்டைப் பெட்டியைத் தட்டியதுபோல் ஒலிக்கும். 20 முதல் 30 மில்லி நொடி வரை விட்டால் அடி முழுமையாகக் கடந்துபோகும். நாதம் மட்டும் அடங்கும். அப்படிக் கடந்துபோகும் ஒலி முகடுகளைத் தடுக்க, அடுத்ததாக ஒரு லிமிட்டர், அதாவது குறித்த அளவுக்கு மேல் ஒலியை ஏறவிடாத கருவி, போதும். பழைய நிலைக்குத் திரும்பும் 'ரிலீஸ்' நேரம் மிகக் குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் இடையில் பின்னணி இரைச்சல் பொங்கிப் பொங்கி அடங்கும். மிக நீண்டால், அடியைத் தொடர்ந்து வரும் சொல் அமிழ்ந்துபோகும்.

குரலும் உடுக்கையும் ஒரே மைக்கில் பதிவானால், ஒவ்வோர் அடியும் குரலையும் சேர்த்தே அமுக்கும். ஆகவே பாடகரின் வாயருகே ஒன்றும் உடுக்கைக்கு ஒன்றுமாகத் தனித்தனி மைக் வைப்பது, எந்த விலையுயர்ந்த கம்ப்ரெஸரையும்விடப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. களத்தில் 24 பிட் என்னும் நுண்ணிய பதிவுத் தரத்தில், முகடுகள் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி, கம்ப்ரெஸர் இல்லாமலே பதிந்துகொண்டு, பிறகு படியெடுத்து அந்தப் படியில் மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். பதிவின்போதே அழுத்தப்பட்ட ஒலியை முழுமையாக மீட்டெடுக்க வழியில்லை.