இடுப்பெலும்பு முறிவுக்குக் காப்பீட்டு அட்டை எப்படி உதவும்?

குளியலறையில் வழுக்கி விழுந்த அம்மாவால் எழ முடியவில்லை. மெதுவாகப் படுக்க வைத்துப் பார்த்தால், ஒரு கால் மற்றதைவிடச் சற்றுக் குட்டையாக, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. தொடை இடுக்கில் கை வைத்தாலே வலியில் துடிக்கிறார். இதைப் பார்த்த பிறகும் தைலம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நடக்க வைத்தும் பார்க்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

இடுப்பு உடைந்துவிட்டது என்று நாம் சொன்னாலும், இப்படி விழுபவர்களுக்குப் பெரும்பாலும் உடைவது தொடை எலும்பின் மேல்முனைதான். மாவுக்கட்டு போட்டு ஆற வைக்கக்கூடிய இடம் இல்லை அது. புத்தூர் கட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று யாராவது ஒரு சொந்தக்காரர் கட்டாயம் சொல்வார். இந்த ஒரு முறிவுக்கு அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். வயதானவர் அசையாமல் கிடக்கும் ஒவ்வொரு நாளும் படுக்கைப் புண்ணுக்கும், நிமோனியாவுக்கும், காலில் ரத்தம் உறைவதற்கும் வழி விடுகிறது. உடல்நிலை இடம் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை முடிந்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் அவசரப்படுவது அதனால்தான். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் காலை ஊன்றவே முடியவில்லை என்றால் எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள். மெல்லிய விரிசல் சில சமயம் எக்ஸ்ரேயில் தப்பிவிடும்.

தொடை எலும்பின் உருண்டைத் தலைக்குக் கீழே உள்ள கழுத்துப் பகுதி முறிந்து விலகியிருந்தால், முதியவர்களுக்கு வழக்கமாக இடுப்பு மூட்டில் பாதியையோ முழுவதையுமோ செயற்கை மூட்டாக மாற்றுவார்கள். அதற்குக் கீழே முறிந்திருந்தால் உள்ளே கம்பியோ பிளேட்டோ வைத்துப் பொருத்துவார்கள். செலவு என்ற பேச்சு வருவது இங்கேதான்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம். அம்மா இருப்பது தம்பி வீட்டில், பெயர் இருப்பது அண்ணன் ரேஷன் அட்டையில் என்ற கதை பல வீடுகளில் உண்டு. யார் அட்டையில் பெயர் இருக்கிறதோ அந்தக் குடும்பத்தின் காப்பீடுதான் அவருக்கும் என்பதால், இதை விழுவதற்கு முன்பே பார்த்து வையுங்கள். கால் முறிந்து கிடப்பவரை வைத்துக்கொண்டு வருமானச் சான்றுக்கு அலைவது எவ்வளவு பெரிய பாடு என்பது அலைந்தவர்களுக்குத் தெரியும்.

வருமான வரம்பைத் தாண்டுகிறவர்களும் பெறக்கூடிய ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையை மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. ஆதாரில் 70 வயது முடிந்திருந்தால் போதும், வருமானம் கேட்பதில்லை. இதிலும் ஆண்டுக்கு 5 லட்சம்தான். ஆனால் ஒரே வீட்டில் தாத்தா, பாட்டி இருவருக்கும் 70 தாண்டியிருந்தால் அந்தத் தொகையை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களும் சேரலாம். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கான சிஜிஹெச்எஸ் போன்ற திட்டத்தில் இருப்பவர்கள் மட்டும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மருத்துவமனையில் நுழைந்ததும் காப்பீட்டுப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். இரண்டு கேள்விகள் முக்கியம்: இந்த அட்டையை ஏற்கிறீர்களா, எலும்பு சிகிச்சைக்கும் அங்கீகாரம் இருக்கிறதா? இதய சிகிச்சைக்கு மட்டும் பட்டியலில் இருக்கிற மருத்துவமனையில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாமே. சரி, இரண்டுக்கும் ஆம் என்றால், எக்ஸ்ரே, மருத்துவரின் குறிப்பு, அட்டை விவரங்களை அவர்களே இணையத்தில் ஏற்றி முன் அனுமதி கேட்பார்கள். எத்தனை மணிக்கு அனுப்பினார்கள், அனுமதி வந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டே இருங்கள். வயதான நோயாளியின் 48 மணி நேரத்தில் பாதி, இந்தக் காகித வேலையில் சத்தமில்லாமல் கரைந்துவிடும்.

காப்பீட்டில் அனுமதித்த சிகிச்சைத் தொகுப்புக்குள் (பேக்கேஜ்) அறுவை சிகிச்சை, உள்ளே வைக்கும் கருவி, மருந்து, படுக்கைக் கட்டணம் எல்லாம் அடங்கும். அதே சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம். வீட்டில் தேவைப்படும் வாக்கர், காற்றுப் படுக்கை, பார்த்துக்கொள்ள ஆள் இதெல்லாம் நம் கைக்காசு. அதற்குக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு மறுநாளே எழுப்பி உட்கார வைத்து, முடிந்தால் நிற்கவும் வைப்பார்கள். பாவம், இப்போதுதானே ஆபரேஷன் ஆயிற்று என்று நாம் தடுத்துவிடக் கூடாது. வீட்டுக்கு வந்த பிறகு பயிற்சிக்கு ஆள் வேண்டுமென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். அப்புறம், டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மருத்துவரிடம் எலும்பு தேய்மானத்துக்கு, அதாவது ஆஸ்டியோபோரோசிஸுக்கு, மருந்து உண்டா என்று மறக்காமல் கேளுங்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே ஒரு பக்கம் உடைந்தது என்றால், மறுபக்க எலும்பும் பலவீனமாகத்தான் இருக்கும்.