பூட்டீஸ் தேய்வது வானத்தில் இல்லை

வயிறு தரையைப் பார்த்தபடி விழுந்துகொண்டே, ஒருவர் கையை ஒருவர் பற்றி வானில் வடிவங்கள் போடுகிற ஸ்கைடைவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் போட்டிருக்கும் ஜம்ப்சூட்டின் கால் கணுக்காலோடு முடிந்துவிடாது. கீழே இறங்கி, ஷூவின் மேல் கவிந்து, பாதத்துக்கு அடியில் சுற்றி வரும். இந்தப் பகுதிக்குப் பெயர் பூட்டீஸ்.

மீனுக்கு வால் எப்படியோ, இவர்களுக்கு பூட்டீஸ் அப்படி. முழங்காலுக்குக் கீழே காற்றில் படும் பரப்பை அது கூட்டுகிறது. காலை நீட்டினால் காற்று காலைத் தூக்கும், தலை லேசாகத் தாழும், உடல் முன்னே வழுக்கிப் போகும். ஒரு காலை மட்டும் அசைத்தால் திரும்பலாம். இந்த நிலையில் விழும் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். சுமார் 3,000 மீட்டர் உயரத்துக் காற்றின் அடர்த்தியை வைத்துக் கணக்குப் போட்டால், 200 சதுர சென்டிமீட்டர் துணியில் விழும் தள்ளுவிசை ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எடைக்குச் சமம். தோராயக் கணக்குதான். ஆனால் உடலின் கடைக்கோடியில் அந்த விசை விழுவதால் நெம்புகோல் போல வேலை செய்கிறது.

அப்படியானால் இந்தக் காற்றுதான் துணியைக் கிழிக்கிறதா? கிடையாது. காற்று அந்த இரண்டரைக் கிலோவைப் பரப்பு முழுக்கச் சமமாகப் பகிர்ந்து கொடுக்கிறது. கெட்டியான நைலான் நெசவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதுவும் தடையற்ற வீழ்ச்சி ஒரு நிமிடம் நீடித்தால் அதிகம். பூட்டீஸைக் கொல்வது அதற்குப் பிறகு வரும் பத்து நிமிடம்: இறங்கிய இடத்திலிருந்து பாராசூட்டை அள்ளிக்கொண்டு, மடிக்கும் இடத்துக்கு நடந்து போகிறார்களே, அந்த நடைதான்.

மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7, சாதாரண எஃகுக் கத்திக்குச் சுமார் 5.5. நைலான் இந்தப் போட்டியிலேயே இல்லை. ஷூவின் விளிம்புக்கும் சிமென்ட் தரைக்கும் நடுவில் துணி மாட்டும்போது, மொத்த உடல் எடையும் சில மணல் துகள்களின் முனையில் போய்க் குவிகிறது. போதாக்குறைக்கு, அடி எடுத்து வைக்கும்போது கால்விரல் பக்கம் சற்றே திருகும். அந்தத் திருகலில் துகள் ஏர் போல உழுகிறது. துணியின் ஒவ்வொரு நூலும் முடியைவிட மெல்லிய இழைகள் பலவற்றின் கற்றை. முதலில் நாலைந்து இழை அறுந்து பிசிறாக நிற்கும். அந்தப் பிசிறில் அடுத்த துகள் மாட்டி இன்னும் நாலு இழையை இழுக்கும். பிசிறு தெரிய ஆரம்பித்த பிறகு ஓட்டை விழ அதிக நாள் ஆகாது.

ஆகவே முதல் வைத்தியம் காசில்லாதது: இறங்கியதும் பூட்டீஸைக் கழற்றிவிட்டு நட. பின்பக்க ஜிப்பைத் திறந்து, ஷூவிலிருந்து உருவி, கணுக்காலுக்கு மேலே ஏற்றிச் செருகிவிட வேண்டும். ஜிப்பை மட்டும் திறந்து தரையில் இழுபட விட்டால் தேய்மானம் இன்னும் அதிகம், தடுக்கி விழவும் வாய்ப்பு.

அடுத்தது பசை. தேயும் விளிம்புகளில் பாலியூரித்தேன் பசையை மெல்லிய பூச்சாகத் தடவி, ஓர் இரவு காயவிடுவது நல்ல பலன் தரும். நைலானைவிடக் கடினமானது என்பதால் இல்லை, மென்மையானது என்பதால்! மணல் துகள் அமுக்கினால் அது குழிந்து கொடுக்கும், துகள் நகர்ந்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். இழைகளையும் ஒன்றோடொன்று ஒட்டிவைப்பதால் பிசிறு எழாது. துணி புதிதாக இருக்கும்போதே தடவுவது உத்தமம். ஜிப், எலாஸ்டிக் பக்கம் பசை போகக் கூடாது. பசைக்குப் பதில் பிளாஸ்டிக் டேப் சுற்றுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சீக்கிரம் உரியும், ஒட்டுப் பிசின் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, விமானக் கதவோரம் நிற்கும்போது வழுக்கும்.

ஷூவும் முக்கியம். குதிகால் சற்று உயர்ந்த ஷூ என்றால், பாதத்துக்கு அடியில் ஓடும் பூட்டீஸ் பட்டி குதிகாலுக்கு முன்னால் உள்ள குழிவில் ஒதுங்கித் தரையில் படாமல் தப்பிக்கும். தட்டையான ஷூவில் அந்தச் சலுகை கிடையாது. லேஸ் மாட்டும் உலோகக் கொக்கிகள் உள்ள ஷூ அறவே வேண்டாம். உள்ளிருந்தே துணியைக் குத்தும் என்பது ஒரு காரணம். பாராசூட் கயிறு அதில் சிக்கலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

அப்புறம், சேற்றோடு அப்படியே சுருட்டி வைக்காதீர்கள். நெசவுக்குள் புகுந்த மணல், துணி மடங்கும்போதெல்லாம் இழையை அறுத்துக்கொண்டே இருக்கும். மிதமான சோப்பில் அலசி, நிழலில் உலர்த்தினால் போதும். வெயிலின் புற ஊதாக் கதிர் நைலானின் மூலக்கூறுச் சங்கிலிகளையே துண்டாக்கிவிடும்.