ஏஜியன் கடலின் ஆடிக்காற்று

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்போம். அதே ஆடி, ஆவணியில் கிரேக்கத் தீவுகளைச் சுற்ற வாடகைக்குப் பாய்ப்படகு எடுப்பவர்களின் வாரத்தையும் ஒரு காற்றுதான் தீர்மானிக்கிறது. பெயர் மெல்டெமி. மேகம் இல்லை, இடி இல்லை, வானம் துடைத்துவிட்டதுபோல் நீலம். அதன் கீழே வடக்கிலிருந்து 30 நாட், அதாவது மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில், சில சமயம் நாள்கணக்கில் வீசும்.

இரண்டு காற்றும் தூரத்துச் சொந்தம். கோடையில் பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா நிலம் கொதிக்க, அங்கே காற்றழுத்தம் சரிகிறது. அந்தப் பள்ளத்தை நோக்கித்தான் நம் தென்மேற்குப் பருவக்காற்று ஓடிவருகிறது. பள்ளமோ ஈரான், ஈராக் வழியாகத் துருக்கி வரை நாக்கை நீட்டுகிறது. எதிர்ப்பக்கம், பால்கன் நாடுகளின் மேல் உயர் அழுத்தம். மேற்கே உள்ளது வலஞ்சுழி, கிழக்கே உள்ளது இடஞ்சுழி. கரும்புச்சாறு இயந்திரத்தின் இரண்டு உருளைகள் கரும்பை இழுப்பதுபோல, கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடுவில் மாட்டிய ஏஜியன் கடலின் காற்று தெற்கே இழுபடுகிறது.

தெற்கே போகும்போது ஒன்றும் தெரியாது; அதுதான் வம்பு. 20 நாட் காற்று முதுகில், படகு 6 நாட் வேகத்தில் போனால், மேல்தளத்தில் இருப்பவருக்கு உறைப்பது 14 நாட்தான். டீ குடிக்கலாம், படம் எடுக்கலாம். அதே காற்றில் முகத்தைத் திருப்பி வடக்கே ஏறினால், படகின் வேகமும் சேர்ந்து கிட்டத்தட்ட 25 நாட் அறையும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே பாயின் ஒவ்வொரு சதுர அடியிலும் மூன்று மடங்கு அழுத்தம். வானிலையில் எதுவுமே மாறவில்லை.

எதிர்காற்றில் பாய்ப்படகு எப்படித்தான் ஏறுகிறது? சரிவாகப் பிடித்த பாய் விமான இறக்கைபோல் வேலை செய்து, படகைப் பெரும்பாலும் பக்கவாட்டிலும் கொஞ்சம் முன்னோக்கியும் இழுக்கிறது. படகின் அடியில் துடுப்புபோலத் தொங்கும் கனமான கீல், பக்கவாட்டு நகர்வைத் தண்ணீரில் தடுக்கிறது. ஈரப் புளியங்கொட்டையை இரு விரலுக்கிடையே அழுத்தினால் முன்னே தெறிக்குமே, அதேதான். ஆனால் காற்றுக்கு நேரே ஏற முடியாது. சுமார் 45 டிகிரி விலகித்தான். நக்சோஸ் தீவிலிருந்து மிக்கோனோஸ் தீவு ஏறக்குறைய நேர் வடக்கு, 20 கடல்மைல். இடதும் வலதுமாக நெளிந்து ஏறினால் 28. அலை தள்ளுவது தனிக் கணக்கு. பழங்காலக் கப்பல்களுக்கு இந்த அளவுகூட வாய்க்கவில்லை. மாசிடோனிய மன்னன் பிலிப் இந்தக் காற்றுப் பருவம் பார்த்து, நாம் வர முடியாத நேரத்தில் தாக்குகிறான் என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே ஏதென்சில் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் பொருமியிருக்கிறார்.

சரி, மலையுள்ள தீவின் தெற்குப்பக்கம் ஒதுங்கலாமே? புதியவர்கள் ஏமாறும் இடம் இது. ஆந்திரோஸ், தீனோஸ், அமோர்கோஸ் போன்ற உயரமான தீவுகளில் காற்று மலையைத் தாண்டி, அணைக்கட்டின் மேல் வழியும் வெள்ளம்போல் மறுசரிவில் வேகமெடுத்து விழுகிறது. குடாவில் அலையே இருக்காது. திடீரென நீர்மேல் ஒரு கரும்பட்டை கரையிலிருந்து படகை நோக்கி ஓடிவரும். அடுத்த நொடி படகு சாயும், நங்கூரச் சங்கிலி விறைக்கும். ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது சங்கிலி விட்டிருந்தால் தூங்கலாம். சிக்கனம் பிடித்தவர் இரவெல்லாம் முழித்திருப்பார்.

வாடகைக் கணக்கு பெரும்பாலும் சனி முதல் சனி. படகு வெள்ளி மாலையே துறைக்குத் திரும்ப வேண்டும். ஏதென்சுக்குத் தென்கிழக்கே உள்ள லாவ்ரியோ துறையிலிருந்து முதல் மூன்று நாள் காற்றோடு சறுக்கிக்கொண்டு சாண்டோரினி தீவு வரை போய்விட்டால், வீடு வடமேற்கே சுமார் 100 கடல்மைல், முகத்துக்கு எதிரே காற்று. என்னைக் கேட்டால் ஜூலை, ஆகஸ்டில் முதல் முறை போகிறவருக்குச் சாண்டோரினி வேண்டாம். ஏதென்சுக்கு அருகே காற்று தணிந்த சரோனிக் வளைகுடா போதும்: ஏஜினா, போரோஸ், இட்ரா. நக்சோஸ், மிக்கோனோஸ், சாண்டோரினி எல்லாம் அடங்கிய சைக்ளேட்ஸ் தீவுக்கூட்டம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், மதியக் காற்று எழுமுன் விடிகாலையிலேயே நங்கூரம் தூக்கிவிடுங்கள்.